ஆவுடைத்தங்கத்தின் தூக்குவாளி

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்பு சிறப்புத் தமிழ்ப் பிரிவின் வருகைப் பதிவேட்டில் பதினோரு பெயர்கள் இருந்தன. பெஞ்சுகளில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவது பிள்ளை துணைப்பாடப் புத்தகத்திலிருந்து வந்தவள். ஒவ்வொரு ஜூன் மாதமும் தமிழாசிரியை செல்லக்கனி அந்தக் குறுநாவலின் முதல் அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்கியதும் அவள் கதவைத் தாண்டி உள்ளே வந்து, கடைசி பெஞ்சில் இடம் பார்த்து உட்காருவாள். பெயர் ஆவுடைத்தங்கம். எழுபது வருஷத்துக்கு முன்னால் எழுதப்பட்ட கதையின் நாயகி. வெளுத்துப்போன பாவாடை, மாராப்பாகப் போட்ட ஒரு துண்டு, மடியில் விளிம்பு நெளிந்த அலுமினியத் தூக்குவாளி. தலைமையாசிரியர் நல்லசிவத்திடம் விஷயத்தைச் சொன்னபோது, அந்தப் பிள்ளைக்கு அரசாங்கப் பதிவில் எமிஸ் எண் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் அது நம் பள்ளிப் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டு ஃபைலைப் பார்க்கக் குனிந்துகொண்டார். அதனால் அவளுக்கு அரசாங்க சைக்கிளும் கிடைக்கவில்லை, பஸ் பாஸும் கிடைக்கவில்லை.

கதை பெரிய கதையில்லை, மொத்தம் பன்னிரண்டு அத்தியாயம். விருதுநகரில் பஞ்சு வியாபாரம் கொழித்த காலத்தில், மூட்டை அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியில் பஞ்சு பொறுக்கப் போகிறாள் ஆவுடைத்தங்கம். முதல் அத்தியாயத்தில் பதினாலு வயது, கடைசியில் பதினேழு. வீட்டில் மூடியுள்ள பாத்திரம் என்று இருப்பது அந்தத் தூக்குவாளி ஒன்றுதான். கஞ்சி கொண்டுபோவதும் அதில், தண்ணீர் பிடித்து வைப்பதும் அதில். கடைசி அத்தியாயத்தில் கிட்டங்கி தீப்பிடிக்கிறது. எல்லோரோடும் வாசல்வரை ஓடிவந்தவள், தூக்குவாளியின் நினைவு வந்து அதை எடுக்க ஓடுகிறாள். உள்பக்கமாகத் திறக்கும் கதவு, சரிந்த பஞ்சு மூட்டைகள் அழுத்தி மூடிக்கொள்கிறது. ‘கிட்டங்கி விடியும்வரை எரிந்தது’ என்று புத்தகம் முடியும். பரீட்சைக்கு வருஷம் தவறாமல் வரும் எட்டு மதிப்பெண் கேள்வி: ‘ஆவுடைத்தங்கத்தின் மரணம் தவிர்க்க இயலாதது என்பதை நிறுவுக.’ அதற்குச் செல்லக்கனி எழுதிக் கொடுத்த மாதிரி விடை மாவட்டம் முழுக்க ஜெராக்ஸ் போட்டுப் பரவியிருந்தது. அவர் எம்.ஃபில். பட்டம் வாங்கியதே அந்த மரணத்தின் மேல்தான். விருதுநகரில் அந்தக் காலத்துக் கிட்டங்கிகளில் ஒன்று அவர் வீட்டாருடையது. இப்போது அது கல்யாண மண்டபமாக இருக்கிறது.

அவள் வந்த முதல் வருஷம் செல்லக்கனிக்கு ஒன்றும் தெரியாது. டிசம்பரில் கடைசி அத்தியாயத்தை, தனக்குப் பிடித்த பகுதி என்பதால், குரலை ஏற்றி இறக்கி நன்றாகவே வாசித்தார். வாசித்து முடித்தபோது கடைசி பெஞ்சில் ஒரு கை சாம்பல் இருந்தது. வகுப்பில் கருகிய பஞ்சின் வாடை பொங்கல் விடுமுறை வரைக்கும் போகவில்லை. இரண்டாம் வருஷம் தந்திரம் செய்து பார்த்தார். தூக்குவாளி வரும் வரியை விழுங்கிவிட்டு, அவள் தப்பித்து வீடு போய்ச் சேர்ந்தாள் என்று கையிலிருந்து போட்டு வாசித்தார். புத்தகத்தில் அச்சாகியிருந்தபடிதான் நடந்தது. மூன்றாம் வருஷம் கடைசி அத்தியாயத்தைத் தொடவே இல்லை. பதினோராம் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார். ஆவுடைத்தங்கம் சாகவில்லை, ஆனால் நகரவும் இல்லை. பதினோராம் அத்தியாயத்தின் கடைசி நாளையே திரும்பத் திரும்ப வாழ்ந்தாள். ஏப்ரல், மே வெயிலில் பூட்டிய வகுப்பறைக்குள் தனியாக உட்கார்ந்து, ஒரே கஞ்சியைக் குடித்து, ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றிலிருந்துதான் செல்லக்கனிக்கு ரத்த அழுத்த மாத்திரை. போதாக்குறைக்கு எட்டு மதிப்பெண் போனதில் இரண்டு பிள்ளைகளுக்குக் கல்லூரி இடமும் போயிற்று.

ஆகவே நான்காம் வருஷ ஜூனில், பதினாலு வயதுப் பிள்ளையாக, முந்தைய எதுவும் நினைவில்லாமல் ஆவுடைத்தங்கம் மறுபடி கதவைத் தாண்டி வந்தபோது, செல்லக்கனி சாக்பீஸை மேசையில் வைத்தார். கதையின் முடிவை அவளிடம் யாரும் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பதினோரு பேரும் பட்டாசுக் கம்பெனி வேனுக்குத் தாயையோ தகப்பனையோ அனுப்பிவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள். அவர்கள் அவளைக் கூச்சமில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். அவள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வளர்ந்ததைக்கூட, மாமன் மகள் லீவுக்கு வந்து வளர்ந்துவிட்டுப் போவதைப் போலத்தான் பார்த்தார்கள். அதிலும் மாரிசெல்வி என்ற பிள்ளைக்கு அவளிடம் ஒட்டுதல் அதிகம்.

ஆகஸ்டில் ஒரு நாள், ஐந்தாம் அத்தியாயம் பாதியில் இருக்கும்போது, ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. சத்தம் பிறகுதான் வந்தது. பதினோரு பேரும் எழுந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல், புகை எந்தத் திசையில் ஏறுகிறது என்று பார்த்தார்கள். வடகிழக்கு. ஏழு பேர் உட்கார்ந்தார்கள். அந்தத் திசைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்து ஆள் போயிருந்த நான்கு பேர் உட்காரவில்லை, அதில் மாரிசெல்வி ஒருத்தி. செல்லக்கனி தன் போனை அவள் கையில் கொடுத்தார். அது அன்று மாலை மூன்றரை வரைக்கும் ஒரே எண்ணுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அவள் அம்மா இருளம்மாள் நாலு மணிக்கு நடந்தே ஊர் வந்து சேர்ந்தாள். காலில் செருப்பில்லை, கையில் தூக்குவாளியும் இல்லை. வெடி அறைகளுக்குள் செருப்போடு போகக்கூடாது, சாப்பாட்டு வாளியை வெளியே வேப்பமரத்தில் தொங்கவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அன்றைக்கு மரத்தில் எறும்பு ஏறுகிறதென்று மாடத்தி என்பவள் மட்டும் தன் வாளியை உள்ளே வைத்திருந்தாள். வெளியே ஓடிவந்துவிட்டு அதற்காகத் திரும்பியவளும் அவள் ஒருத்திதான். மறுநாள் அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, தவிர்க்க முடியாத விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மாடத்தியின் காரியம் முடிந்த மறுநாள் மாரிசெல்வி வகுப்புக்கு வந்தாள். மதிய இடைவேளையில், மாதிரி விடைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

“தவிர்க்க முடியாதுன்னு நீங்களும் எழுதிப் போட்டுருக்கீக, டீச்சர்.”

செல்லக்கனி விளக்கினார். வறுமை, கிட்டங்கி முதலாளியின் அலட்சியம், காலம், எல்லாமாகச் சேர்ந்து அவளைத் தீயை நோக்கித் தள்ளுகின்றன, அதுதான் கதையின் கட்டுமானம் என்றார். பத்து வருஷமாகச் சொல்லிப் பழகிய வாக்கியங்கள்தான். ஆனால் அன்று அவை அவர் காதிலேயே, வந்துபோன அதிகாரிகளின் குரலில் விழுந்தன. வெட்கமாக இருந்தது.

மாரிசெல்வி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “கதவு வெளிய பாத்துத் தொறக்கணும், டீச்சர். தூக்குவாளி மரத்துல தொங்கணும். அம்புட்டுத்தான். அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா சங்கிலிமுத்து உளியும் திருப்புளியுமாக வந்தார். வெடி அறைகளுக்குக் கதவு மாட்டுவதுதான் அவர் தொழில். எதற்கு என்று செல்லக்கனி சொல்லத் தொடங்கியபோது, பிள்ளை சொல்லியாச்சு டீச்சர் என்று அவர் கீலைக் கழற்ற ஆரம்பித்தார். வகுப்பறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி, கடைசி பெஞ்சிலிருந்து வாசல்வரை குறுக்கே எதுவும் வராதபடி மேசைகளை நகர்த்திப் போட்டார். திங்கட்கிழமை தலைமையாசிரியர் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, சாவி யாரிடம் என்று கேட்டார்.

கதவு சுலபம், தூக்குவாளிதான் கஷ்டம். ஆவுடைத்தங்கம் அதை மடியைவிட்டு இறக்கமாட்டாள். காரணத்தையும் அவளிடம் சொல்ல முடியாது. பிள்ளைகள் பதினோரு பேரும் பிளாஸ்டிக் டப்பாக்களை வீட்டில் போட்டுவிட்டு, ஆளுக்கொரு தூக்குவாளியோடு வரத் தொடங்கினார்கள். பள்ளி வாசல் வேப்பமரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டு, செருப்பையும் அங்கேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார்கள். அவள் ஒன்பதாம் அத்தியாயம் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்தாம் அத்தியாயத்தில் ஒரு நாள், எல்லோரும் வந்தபின் கடைசியாக, தன்னுடையதையும் ஒரு கிளையில் மாட்டினாள். அன்று முழுக்கப் பாடத்தைக் கவனிக்காமல் ஜன்னல் வழியாகக் காக்காய்களையே முறைத்துக்கொண்டிருந்தாள். செல்லக்கனிக்குத் தூக்கம் போயிற்று. தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் மரத்தைப் பார்ப்பார். பன்னிரண்டு வாளிகளையும் எண்ணி முடித்த பிறகுதான் உள்ளே போவார்.

அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இனித் தள்ளிப்போட முடியாது என்ற நிலையில், கடைசி அத்தியாயத்தை எடுத்தார். பார்த்து வைத்தாற்போல அன்றைக்கென்று தூறல். மரத்தில் பதினோரு வாளிகள்தான் தொங்கின. பன்னிரண்டாவது, துண்டால் மூடி, ஆவுடைத்தங்கத்தின் மடியில் இருந்தது. செல்லக்கனி புத்தகத்தைத் திறக்காமல் கரும்பலகையை மூன்று தடவை அழித்தார். கடைசியில் மாரிசெல்விதான் எழுந்து பின்பெஞ்சுக்குப் போனாள்.

“எல்லாரோடதும் வெளிய தானடி தொங்குது.”

“மழை பெய்யுதே. நனைஞ்சா?”

“நனைஞ்சா தொடச்சுக்கிடலாம்.”

ஆவுடைத்தங்கம் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எழுந்து வெளியே போய், கிளையில் மாட்டி, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். அதற்குள் இடியும் சேர்ந்துகொண்டது. இடி இடித்தால் கம்பெனிகளில் வேலையை நிறுத்திவிடுவார்கள். அதனால் பதினோரு மணிக்கே வேன்கள் திரும்பின. பள்ளி வாசலில் இறங்கிய இருளம்மாள் வீட்டுக்குப் போகாமல், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அந்த மரத்தடியில் வந்து நின்றாள்.

செல்லக்கனி ஒரு எழுத்தும் மாற்றாமல் வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் வகுப்புக்குள் பஞ்சு பறந்தது. ஐந்தாம் பக்கத்தில் புகை கண்ணைக் கரித்தது. அவர் குரல் இடறிய இடங்களில் பிள்ளைகள் ‘வாசிங்க டீச்சர்’ என்று மெதுவாகச் சொன்னார்கள். ஏழாம் பக்கத்தில் கடைசி பெஞ்சின் கீழே தீ பிடித்தது. ஆவுடைத்தங்கம் எழுந்து வாசலுக்கு ஓடினாள், வாசலில் நின்றாள். செல்லக்கனி கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடமாக இருந்த அந்த வரியைச் சொன்னார்: ‘தூக்குவாளியின் நினைவு வர, அதை எடுக்க ஓடினாள்.’ அவள் ஓடினாள். தூக்குவாளி இருந்த இடத்துக்கு, படி இறங்கி, மழைக்குள், மரத்தை நோக்கி ஓடினாள். பஞ்சு மூட்டைகள் சரிந்து அழுத்தியதில் கதவு வெளிப்பக்கம் அகலத் திறந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. இருளம்மாள் ஒரு கையால் வாளியை எட்டி எடுத்து அவளிடம் கொடுத்து, மறுகையால் அவள் கையைப் பிடித்து, நிக்காதடி, திரும்பிப் பாக்காதடி என்று கேட் வரைக்கும் இழுத்துக்கொண்டு ஓடினாள். பிள்ளைகளும் டீச்சரோடு வரிசை குலையாமல் வெளியே வந்தார்கள். மழையில் நின்றபடியே செல்லக்கனி கடைசி வரியையும் வாசித்து முடித்தார். வகுப்பறை விடியும்வரை எரிந்தது. மறுநாள் காலையில் பார்த்தபோது சுவரில் கரிகூட இல்லை. சாம்பல் இருக்கிறதா என்று செல்லக்கனி பெஞ்ச் பெஞ்சாகத் தடவிப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

பொதுத்தேர்வில் அதே கேள்வி வந்தது. பத்துப் பேர் ஆவுடைத்தங்கத்தின் மரணம் தவிர்க்க இயலாதது என்று நிறுவி எட்டுக்கு எட்டு வாங்கினார்கள். மாரிசெல்வி, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், வாளி எங்கே தொங்க வேண்டும் என்று படம் போட்டு எழுதியிருந்தாள். திருத்தியவர் படத்துக்காக இரண்டு மதிப்பெண் போட்டிருந்தார். அப்படியும் அவளுக்குச் சாத்தூரில் கல்லூரி இடம் கிடைத்துவிட்டது.

அடுத்த ஜூனில் செல்லக்கனி புதிய வகுப்பில் முதல் அத்தியாயத்தை வாசித்தபோது கதவைத் தாண்டி யாரும் வரவில்லை. ஆவுடைத்தங்கம் இருளம்மாள் வீட்டில் இருந்தாள். எமிஸ் எண்ணும் ஆதாரும் இல்லாதவளுக்கு ஊரில் கிடைக்கக்கூடிய ஒரே வேலை கிடைத்திருந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு, விளிம்பு நெளிந்த தூக்குவாளியோடு பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் போகிறாள். பள்ளியைத் தாண்டும்போது ஜன்னலில் கையை நீட்டி ஆட்டுவாள். வேன் திரும்பி வர மாலை ஐந்தே முக்கால் ஆகும். செல்லக்கனிக்கு விருதுநகர் பஸ் ஐந்து மணிக்கு. அதை விட்டுவிட்டு, ஊர்ப் பெண்களோடு பெண்ணாக அவரும் வேப்பமரத்தடியில் நின்று, வேன் வந்து எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, ஆறரை பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார்.