குழாயைப் பிடித்தவன்

காலை ஆறரைக்கு எரிபொருள் கொட்டகைக்குள் நுழைந்த மேஸ்திரி, தான் எதிர்பார்த்து வந்த காட்சியைக் கண்டார். நேற்றுச் சாயங்காலம் வரை விரல் நீளத்தில் பளபளவென்று கிடந்த, மரத்தூளை அழுத்திச் செய்த எரிபொருள் குச்சிகள், ஆறிப்போன கஞ்சியாகப் பொங்கிக் கிடந்தன. இருநூறு டன். மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. அதை முகத்துக்கு வரவிடாமல் துண்டால் துடைத்துக்கொண்டார்.

முப்பத்தோரு வருடம் நிலக்கரியோடு கிடந்தவர். கரிக் குவியலுக்குத் தினமும் விடியற்காலையில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் தூசி பறக்கும், உள்ளுக்குள் புகைந்து தீயும் பிடிக்கும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது பல் துலக்குவதைப் போல. இப்போது மின்நிலையம் கரியை விட்டு மரத்தூளுக்கு மாறுகிறது. மாற்றத்தை நடத்த வந்த அதிகாரிக்கு ஆட்கள் வைத்த பெயர் படக்காட்சி. எதைக் கேட்டாலும் சுவரில் படம் ஓட்டுவார். இதற்கு முன் சோப்புக் கம்பெனியில் இருந்தாராம். நுரை இன்னும் அடங்கவில்லை. வந்ததும் செய்த முதல் வேலை, புகைபோக்கிக்குப் பச்சை வண்ணம் அடித்தது, ஏணி எட்டிய உயரம் வரை. அதற்கு மேல் பழைய கறுப்பு. மீசைக்குச் சாயம் பூசும்போது பாதியில் டப்பா தீர்ந்துபோன கிழவனைப் போல அது நின்றது.

முதல் லாரி வந்த அன்றே மேஸ்திரி ஒரு குச்சியைத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பார்த்தார். சரக்கைத் தொட்டு, மோந்து, கடித்துப் பார்க்காமல் வாங்குகிறவன் ஏமாளி என்பது அவர் கட்சி. தேநீர் குடித்து முடிப்பதற்குள் குச்சி உப்பிக் கூழானது. சொல்லத்தான் கூட்டத்தில் எழுந்தார்.

"மேஸ்திரி, உங்க கரிக் கதையெல்லாம் இனிமே மியூசியத்துக்குத்தான்," என்றார் படக்காட்சி. எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரம், அதாவது நேற்றுச் சாயங்காலம், படக்காட்சி பலகையில் ஒட்டிய வேலை அட்டவணை, பழையதின் நகல். கரி என்று இருந்த இடத்திலெல்லாம் உயிரி எரிபொருள் என்று மாற்றியிருந்தார், அவ்வளவுதான். காலை ஐந்து மணிக்கு உயிரி எரிபொருள் குவியலுக்குத் தண்ணீர் அடிக்கவும். மேஸ்திரி அதை இரண்டு முறை படித்தார். வாயைத் திறக்கவில்லை. படட்டும் என்று இருந்துவிட்டார்.

"மாமா."

குவியலுக்குப் பின்னாலிருந்து வந்தவன் அவர் மனைவியின் தம்பி. முழங்கால் வரை கூழ். கையில் குழாய்.

"உனக்கு மத்தியான ஷிப்டுதானடா?"

"காலை ஷிப்டு மொட்டைக்கு வயித்து வலியாம், அவனோட மாத்திக்கிட்டேன். போர்டுல இருந்தபடி தண்ணி அடிச்சேன் மாமா. அடிக்க அடிக்க வளருது. சரியா நனையலையோன்னு இன்னும் கொஞ்சம் அடிச்சேன்."

ஓங்கி அறையத் தோன்றியது. யாரை என்பதுதான் விளங்கவில்லை.

அதற்குள் படக்காட்சி வந்தார். புது ஷூ கூழில் புதைந்தது. இழுத்தபோது கால் மட்டும் வந்தது. ஒற்றைக் காலில் நின்றபடியே ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"வர்ற மாசம் முப்பது பேர்ல பன்னெண்டு பேர்தான் இருப்பாங்க. அந்தப் பன்னெண்டுல உங்க பேரு இருக்கு, நான் பாத்துக்கறேன். தண்ணி அடிச்சது யாருன்னு எழுதுங்க. கரியில பழகினவன், கவனக்குறைவு. போதும்."

"அட்டவணையில நீங்கதான சார் போட்டிருந்தீங்க?"

"எந்த அட்டவணை?"

மேஸ்திரி பலகையைப் பார்த்தார். நான்கு குண்டூசிகள் மட்டும் இருந்தன. சோப்பு வியாபாரத்தில் கற்றது வீண்போகவில்லை, கழுவத் தெரிந்திருக்கிறது.

அப்படியொரு தாள் இருந்தது, நானே படித்தேன் என்று சொல்லலாம். தெரிந்துகொண்டே ஏன் சும்மா இருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அதைக் கேட்கப் படக்காட்சிகூட வேண்டாம், மைத்துனனே கேட்பான். ராத்திரிச் சாப்பாட்டில் அவன் அக்கா கேட்பாள். இத்தனை நாள் ஊரில் ஒருத்தன் பாக்கியில்லாமல் எல்லோரையும் முட்டாளென்று எடைபோட்ட மேஸ்திரிக்கு, அந்தத் தராசில் தன் பக்கம் எவ்வளவு நிற்கும் என்று பார்க்கத் துணிவில்லை.

"எதுக்கு சார் எழுத்தெல்லாம்," என்று மைத்துனன் சிரித்தான். "மாமா விவரமா சொல்லுவாரு."

மேஸ்திரி பேனாவை வாங்கிக்கொண்டார். அவன் முழங்கால் கூழ் காய்ந்து செதில் செதிலாக வெடித்துக்கொண்டிருந்தது. பின்னால் குவியல் இன்னும் உப்பிக்கொண்டிருக்க, கொட்டகையின் தகரச் சுவர் மெல்ல வயிறு தள்ளியது. ஒரு போல்ட் தெறித்து எங்கோ விழுந்து உருண்டது.