மேகத்தின் நடுவே ஒரு கறை

சுவரில் மாட்டும் படங்களுக்கு வானம் செய்து கொடுப்பது என் வேலை. ‘இன்று உன் நாள்’ மாதிரி ஒரு வரிக்குப் பின்னால் மேகம் தீப்பிடித்து எரிய வேண்டும். இல்லையென்றால் முதலாளிக்கு மனசு ஆறாது.

எட்டு மாதமாக எனக்கு வானம் அனுப்புவது என் மனைவி. தொலைதூர ஊர் ஒன்றின் மருத்துவமனையில் அவள் நர்ஸ். சாயங்காலம் விடுதியின் ஆறாவது மாடி ஜன்னலில் நின்று, ஒரே காட்சியை இருட்டாக, நடுத்தரமாக, வெளிச்சமாக மூன்று படம் எடுப்பாள். நான் மூன்றையும் ஒன்றாக்குவேன். தினமும் மேகத்தின் நடுவே ஒரு வெள்ளைக் கறை இருக்கும். அதை அழிப்பதற்குள் உயிர் போய்விடும்.

“ஜன்னல் கண்ணாடியத் தொடச்சிட்டு எடுத்தா கொறஞ்சா போயிடுவ?” என்று நேற்றுகூட எரிந்து விழுந்தேன்.

“தொடச்சிட்டுத்தாங்க எடுக்கிறேன்” என்றாள்.

வீடியோவில் வரச் சொன்னால் மட்டும், “டூட்டி முடிஞ்சு பேய் மாதிரி இருக்கேன், வேணாம்” என்பாள்.

இன்று முதலாளி பழைய படமொன்றில் கருமேகத்தை இன்னும் வெளுக்கச் சொன்னார். அவள் அனுப்பிய மூன்றில் இருட்டான படத்தை மட்டும் திறந்து வெளிச்சத்தைக் கூட்டினேன். கறைக்கு நெற்றி வந்தது, மூக்கு வந்தது. சீருடைகூட மாற்றாமல் ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலித்தது அவள்தான். இளைத்திருந்தாள். இருநூறு சாயங்காலம் நானே உட்கார்ந்து அவளை அழித்திருக்கிறேன்.

போன் அடித்தது.

“இன்னைக்குப் படம் பாத்தீங்களா? ஜன்னலையே தொறந்து வெச்சு எடுத்தேன். கறையே இல்ல!” குரலில் அவ்வளவு பெருமை.

“நாளைக்கு மூடிட்டு எடு” என்றேன்.