பால்மாப் பேணிக்கு ரெஹேமா தர வேண்டியது

1

ரெஹேமா பால்மாப் பேணிக்குத் தர வேண்டியது பதினேழு பவுண்ஸ் ஐம்பது பென்ஸ். இந்தக் கதை பிறந்ததே அந்தக் கடனில்தான். கனவில் வந்தது என்று சொல்ல எனக்கும் ஆசை. ஆனால் நான் லண்டனில் செவன் கிங்ஸ் பக்கம் ஒரு சலவைத் தொழிற்சாலையில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மெஷினுக்குள் தள்ளுகிறவன். எழுத்துக் கூட்டப் பழகியதே மீசை நரைத்த பிறகு. கனவு வருவதற்குள் அலாரம் அடித்துவிடும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தேம்ஸ் நதியின் மேல் பனிமூட்டம் மெல்ல மெல்ல...’

(விட்டுவிட்டேன். தேம்ஸைப் பார்த்துக் கனகாலம். எங்கள் பக்கம் இருப்பது ரயில் பாதையும் பொரித்த கோழிக் கடையும்.)

பிறகு இப்படி: ‘மொழி என்பது மனிதனின்...’

(மனிதனின் என்ன? தெரியவில்லை. முதுகு நோகிறது. கதைக்கு வருகிறேன்.)

2

எங்களோடு வேலை செய்கிற கென்யா, தன்சானியா ஆட்கள் செவ்வாய்க்கிழமைகளில் காலை ஷிப்ட் முடிந்ததும் கன்டீனில் கூடி இங்கிலிஷ் இலக்கணம் படிப்பார்கள். வாத்தியார் இல்லை. மொம்பாசாக்காரன் பக்காரி காட்போட் மட்டையில் ஒரு வசனம் எழுதுவான். ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பதை இங்கிலிஷில் எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரத்தில் சண்டை வந்துவிடும். சண்டை முழுக்கச் சுவாஹிலியில். (சண்டையைச் சொந்த மொழியில்தான் பிடிக்கலாம். இங்கிலிஷில் பிடித்தால் முறைப்பாடு என்று பெயர்.)

ஆகவே ஒரு சட்டம் போட்டார்கள். வகுப்பில் சுவாஹிலிச் சொல் ஒன்றுக்கு ஐம்பது பென்ஸ் தண்டம். காசு பால்மாப் பேணி என்கிற பழைய பால்பவுடர் டின்னுக்குள் போகும். சேர்ந்ததும், அவசரமானவருக்கு விசாவுக்கான இங்கிலிஷ் சோதனைக் கட்டணம் அதிலிருந்து கட்டப்படும். கையில் காசில்லாதவர் கடன் சொல்லலாம். ஆனால் கடன்காரருக்குப் பேணி திறக்காது. கடனை இன்னொருவர் கட்டவும் கூடாது.

தண்டம் அடிக்க நடுநிலையான ஆள் வேண்டும். சுவாஹிலி தெரிந்தவன் சொந்தக்காரனுக்கு விட்டுக்கொடுப்பான். அதனால் சுவாஹிலி அறவே தெரியாத நவரத்தினம் அண்ணையை நீதவான் ஆக்கினார்கள்.

3

நவரத்தினம் அண்ணை விரிப்பு மடிக்கிற பகுதி. ‘குட் மோர்னிங்’, ‘தேங்க் யூ’, ‘நோ ப்ரொப்ளம்’ என்கிற மூன்றையும் வைத்துக்கொண்டு லண்டனில் ஒரு வீடு வாங்கி, இரண்டு பிள்ளைகளையும் கட்டிக்கொடுத்தவர். அவருடைய தீர்ப்பு எளிமையானது: தனக்கு விளங்காதது எல்லாம் சுவாஹிலி. பக்காரி ஒருநாள் ‘நெவர்தெலெஸ்’ என்றதற்கும் ஐம்பது பென்ஸ் வாங்கினார்.

இப்படி ஒரு ஆளை நீங்கள் நம்புவீர்களா? எனக்கே சந்தேகம். எழுதியதை என் மனைவி மாலினிக்கு வாசித்துக் காட்டினேன்.

“இவரைக் கொஞ்சம் நல்லவராக்குங்கோ. போன மாசமும் மிளகாய்த்தூள் தந்தவர்.”

சரி. நல்லவர். மிளகாய்த்தூள் தந்தவர்.

4

(கதை அரைவாசி போய்விட்டது. ரெஹேமா இன்னும் வாய் திறக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள்.)

அதே வகுப்பில் படிக்கிற ரெஹேமாவுக்கு இங்கே பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். மாத முடிவில் விசா முடிகிறது. சோதனை பாஸ் பண்ணாமல் அடுத்த விசா இல்லை. சம்பளத்தை வாடகையும் லோயரும் பங்கு போட்டுவிடுகிறார்கள். பேணியில் காசு நிறைந்திருந்தது, முறையும் அவளுடையது. குறுக்கே நின்றது அந்தப் பதினேழு ஐம்பது.

அவ்வளவும் ஒரே ஒரு சொல்லுக்கு. செவ்வாய்தோறும் உள்ளே வந்ததும் நவரத்தினம் அண்ணைக்கு முன்னால் லேசாகக் குனிந்து, “ஷிக்கமோ” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் முகம் கறுத்து, “ஃபிஃப்டி பென்ஸ்!” என்பார்.

5

பேணி திறக்கிற அன்று நடந்தது இது. (பேசியது உடைந்த இங்கிலிஷில். அண்ணைக்கு மொழிபெயர்க்க அன்று நானும் போயிருந்தேன். எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத் தமிழில் எழுத, ரெஹேமா சாவகச்சேரிக்காரி ஆகிவிட்டாள் என்று மாலினி சிரிக்கிறாள்.)

“கடன்காரருக்குத் திறக்க ஏலாது,” என்று நவரத்தினம் அண்ணை பேணியை மடியில் வைத்துக்கொண்டார்.

“அண்ணை, விசர்க் கதை கதைக்காதேங்கோ,” என்றான் பக்காரி. (இது மட்டும் அசல் தமிழ். தமிழுக்குத் தண்டம் இல்லை என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அந்த வகுப்பில் இங்கிலிஷைவிடத் தமிழ்தான் நன்றாக வளர்கிறது.)

“ஒவ்வொரு கிழமையும் எனக்குத் தூசணம் பேசுற பிள்ளைக்கு நான் இரங்கிறதோ?”

நான் ரெஹேமாவைக் கேட்டேன்: “பிள்ளை, அந்தச் சொல்லை விட்டிட்டு ஹலோ எண்டு சொல்லக்கூடாதோ?”

“வயசான ஆளுக்கு ஹலோவோ? எங்கட அம்மா அறிஞ்சால் வாயில அடிப்பா. உங்கட காலைத் தொடுறன் எண்ட மாதிரித்தான் அந்தச் சொல். தூசணம் இல்லை.”

கன்டீன் உறைந்துபோனது. (பொய். வென்டிங் மெஷின் உறுமிக்கொண்டுதான் இருந்தது.)

“அப்ப நீங்கள் ஏன் எல்லாரும் சிரிச்சனீங்கள்?” என்றார் நவரத்தினம் அண்ணை.

“சிரிக்காமல்? தன்னைக் கும்பிட்டதுக்கே ஃபைன் அடிக்கிற மனிசன்! இப்பிடி ஒரு நேர்மையான நீதவான் உலகத்தில இல்லை எண்டு வீட்டிலயும் சொல்லுறனாங்கள்,” என்றான் பக்காரி.

“அதாலதான் நான் நிப்பாட்டேல்லை,” என்றாள் ரெஹேமா. “மரியாதை கூடிப்போச்சு.”

6

முடிவு ஒன்று: நவரத்தினம் அண்ணை விம்மி அழுதார். (அழமாட்டார். மகளின் கலியாணத்திலேயே சாப்பாட்டுக் கணக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.)

முடிவு இரண்டு: சட்டம் ஒழிக என்று பேணியை உடைத்து... (அது தகரப் பேணி.)

முடிவு மூன்று: அவர் கனநேரம் பேணி மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, “அதுக்கு என்ன மறுமொழி சொல்லுறது?” என்று கேட்டார்.

“மரஹபா,” என்றான் பக்காரி.

“மரஹபா.”

“ஃபிஃப்டி பென்ஸ்!” என்று கன்டீன் முழுக்கக் கத்தியது.

“பொறு. இவள் இவ்வளவு நாளும் சொன்னதுக்கெல்லாம் நான் மறுமொழி வைச்சிருக்கிறன். அவளிட கடன் எண்டு எழுதினது பிழை. அது நான் சொல்லாமல் விட்ட கடன்.” சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகத் தொடங்கினார். மரஹபா, மரஹபா, மரஹபா. பக்காரி விரல்விட்டு எண்ணினான். ரெஹேமா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். முதலாவதோடு சேர்த்து முப்பத்தைந்தும் முடிந்ததும் அவர் ஒரு இருபது பவுண்ஸ் தாளைப் பேணிக்குள் செருகினார்.

“மிச்சம் வேண்டாமோ அண்ணை?”

“வேண்டாம். வாற செவ்வாயும் பிள்ளை வருவாள்தானே?”

7

மூன்றில் விரும்பியதை எடுத்துக்கொள்ளுங்கள். மாலினி மூன்றாவது முடிவின் பக்கம். மிளகாய்த்தூள் காரணமாக இருக்கலாம்.

அடுத்தது என்ன என்று கேட்பீர்கள். எழுதியும் பார்த்தேன்: ‘சோதனையில் ரெஹேமா...’

(அதை நான் முடிக்கமாட்டேன். அவளுக்கு இங்கிலிஷ் தெரியுமா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? நவரத்தினம் அண்ணையா? பேனா உங்களிடமும் இருக்கிறது.)

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது கணக்கு மட்டும். பால்மாப் பேணிக்கு ரெஹேமா தர வேண்டியது ஒன்றுமில்லை. நவரத்தினம் அண்ணைக்குத்தான் இன்னும் ஐந்து மரஹபா மிச்சம் கிடக்கிறது.