சுட்டினால் தெரிகிற ரேணுகா

சென்னியப்பன் விரலை நீட்டினால்தான் அவன் மனைவி ரேணுகா தெரிவாள். மடக்கினால் சாம்பல் நிறமாகி, மங்கி, சுவரோடு சுவராகிவிடுவாள். கரூரில் இது பெரிய விஷயமில்லை. அடுத்த தெருவில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் மட்டும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் அதில் வடகம் காய வைக்க முடியாமல் தவித்தார்கள்.

தப்பு இவனுடையதுதான். ஒரு போர்வைக் கடைக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தான். படங்கள் மங்கலாக இருக்க வேண்டும், மவுஸ் மேலே போனால் மட்டும் நிறம் வர வேண்டும் என்று கடைக்காரர் கேட்டிருந்தார். போர்வைப் படங்கள் வந்து சேரவில்லை. கம்ப்யூட்டரில் வால்பேப்பராக வைத்திருந்த மனைவியின் படத்திலேயே அந்த எஃபெக்டைப் போட்டுப் பார்த்தான். நகல் எடுத்து வைக்காமல் அதன் மேலேயே சேமித்தும்விட்டான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். காலையில் காபி டம்ளர் மட்டும் அந்தரத்தில் நடந்து வந்தது.

எஃபெக்டை எடுக்கும் அலுவலகத்துக்கு இருவரும் பஸ் ஏறினார்கள். அவன் விரல் அவள் நெற்றிக்கு நேராக நின்றது.

"ஏனுங்க, அந்தம்மா என்ன தப்புப் பண்ணுனாங்க?" என்றார் பின்சீட்டுக்காரர்.

"ஒண்ணும் பண்ணலீங்க. விரலை எடுத்தா போயிருவா."

"அப்ப சரிங்க" என்று அவர் தூங்கிப்போனார்.

ரேணுகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கல்யாணமாயி இத்தன வருசத்துல நீங்க என்னைய இவ்வளவு நேரம் பாத்ததே இல்லீங்க" என்றாள். கண்டக்டர் போலவே மூக்கால் பேசிக் காட்டினாள். வீட்டுக்காரம்மா வாடகை கேட்கிற மாதிரி இருமிக் காட்டினாள். இதெல்லாம் அவளுக்கு வரும் என்பது சென்னியப்பனுக்குத் தெரியாது. அவனும் சிரித்தான். சிரித்ததில் கை தாழ்ந்தது. அவளுடைய இடது தோள் காணாமல் போனது. சட்டென்று கையைத் தூக்கினான்.

அலுவலகத்தின் மாடிப்படிகள் மெதுவாக வந்தன. ஒரு படியில் கால் வைத்து நின்றால்தான் அடுத்த படி வரும். அதற்குள் இரண்டு கைகளையும் பலமுறை மாற்றிவிட்டான். இரண்டும் மரத்துவிட்டன.

மேலே ஒரு பெண் அதிகாரி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார்.

"எடுத்துரலாம். ஒரிஜினல் இருக்கா?"

"இல்லீங்க மேடம்."

"அப்ப இவங்க எப்படி இருந்தாங்கன்னு நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன். நீங்க சொன்னது வரும். சொல்லாதது வராது."

"நானே சொல்லிப் போடறனுங்க" என்றாள் ரேணுகா.

"படம் பேசக் கூடாதும்மா."

சென்னியப்பன் நிறத்தைச் சொன்னான். உயரத்தைச் சொன்னான். மச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்தான்.

"பாத்துச் சொல்லக் கூடாதுங்க. சரி, என்ன பேசுவாங்க?"

"கண்டக்டர் மாதிரியே..."

"எப்போ?"

"இப்பத்தானுங்க, பஸ்ஸுல."

"எஃபெக்ட் போட்டதுக்கப்பறம் பேசுனது செல்லாது. முன்னாடி என்ன பேசுனாங்க?"

அவன் யோசித்தான். எத்தனையோ வருடங்கள் அவள் பேசிக்கொண்டேதான் இருந்தாள். அவன் திரையைப் பார்த்தபடி உம் கொட்டிக்கொண்டேதான் இருந்தான். கை வெடவெடவென்று ஆடியது. ரேணுகா விட்டுவிட்டுத் தெரிந்தாள்.

"வேண்டாங்க, வாங்க போயிரலாம்" என்றாள் அவள். "எனக்கு இப்படியே நல்லாத்தான் இருக்குது. கை வலிச்சா செத்த நேரம் மறைஞ்சு இருந்துக்கறேன்."

மறைந்தவள் திரும்பி வராவிட்டால்?

"ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வருதுங்க மேடம்."

"ஒண்ணு போதும்."

அவன் குனிந்து அதைச் சொன்னான். அதிகாரி அடித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினார்.

கை தானாகவே விழுந்தது. ரேணுகா மறையவில்லை. முழு நிறத்தில், பளிச்சென்று நின்றாள். அவனுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. படிகள் இப்போது வரிசையாகத் தயாராக இருந்தன. கீழே இறங்கி, பஸ் ஸ்டாப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"உனக்கு எங்கியாச்சும் போகோணுமா ரேணு? சொல்லு, இப்பவே போலாம்."

ரேணுகா அவனைப் பார்த்தாள்.

"சாப்பாடு எடுத்து வெக்கட்டுங்களா?" என்றாள்.