கார்மேலம்மாவின் தக்காளி விழுது

கொடுக்கக் கூடாது என்றால் கொடுக்கக் கூடாது. காலையில் பல் விளக்கும்போதே தனம் முடிவு கட்டிவிட்டாள். கார்மேலம்மாவின் பேத்தி தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் சரி, அந்தத் தக்காளிப் பக்குவத்தை அவளுக்குச் சொல்லித்தரப் போவதில்லை.

கார்மேலம்மா என்பது இரும்பை ஊர்க்காரர்கள் வைத்த பெயர். அசல் பெயர் கார்மெலா. இத்தாலிக்குத் தெற்கே சிசிலி என்று ஒரு தீவு இருக்கிறதாம், அங்கிருந்து வந்து ஊர்க்கோடியில் முந்திரித் தோப்பை ஒட்டி வீடு கட்டி இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்த வெள்ளைக்காரக் கிழவி. அந்த இருபத்தெட்டு வருஷமும் அவள் அடுப்படியில் நின்றவள் தனம். கடைசி மூன்று வருஷம் கிழவி பக்கவாதம் வந்து படுத்துவிட்டாள். குளிப்பாட்டியது, ஊட்டிவிட்டது, புரட்டிப் போட்டது எல்லாம் தனம்தான். பெற்ற மகன் ஒருவன் இருந்தான், அவனுக்கு ஒரு மகள் இருந்தாள். ஒருத்தராவது எட்டிப் பார்க்க வேண்டுமே! கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் வரும். கிழவி காதில் அதைப் பிடித்துக்கொண்டு தனம் நிற்பாள். இரண்டு நிமிஷத்தில் அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள்.

போன ஐப்பசி மழையில் கிழவி செத்துப்போனாள். சாவுக்கும் வரவில்லை. விமானத்தில் இடம் கிடைக்கவில்லையாம். எங்கிருந்து கிடைக்கும்? பிணத்துக்காக யார் இடம் தேடுவார்கள்? இப்போது சித்திரையில் மட்டும் கிடைத்துவிட்டது. வந்து இறங்கிவிட்டாள் மகராசி, பேத்தி சில்வியா. அவள் ஊரில் ஓட்டல் வைத்திருக்கிறாளாம். பாட்டியின் சமையலைப் பற்றிப் புத்தகம் போடப் போகிறாளாம். அதில் முதல் பக்கமே பாட்டியின் தக்காளிச் சாஸாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், வேறென்ன?

அந்தச் சாஸ் என்ன லேசுப்பட்ட காரியமா? முதலில் விழுது காய்ச்ச வேண்டும். தனத்தின் அண்ணன் சீனுவாசன் மண்டகப்பட்டில் விளைவிக்கிற நாட்டுத் தக்காளிதான் வேண்டும், கடைத் தக்காளி ஆகாது. சித்திரை வெயிலில் முப்பது கிலோவை வேகவைத்து, வடிகட்டி, மரக்காணம் கல்லுப்பைப் போட்டு, பழைய கதவுப் பலகைகளில் மெழுகி மொட்டைமாடியில் காயவைக்க வேண்டும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு மணிக்கொரு தரம் வழித்துப் புரட்ட வேண்டும். காக்கையை விரட்ட வேண்டும். சாயங்காலம் உள்ளே தூக்க வேண்டும், காலையில் வெளியே தூக்க வேண்டும். ஐந்தாம் நாள் முப்பது கிலோவும் ஒரு ஜாடிக்குள் அடங்கிவிடும், பழம்புளி நிறத்தில். அதில் ஒரு கரண்டி எடுத்து, வெங்காயம் வதக்கி, வெந்நீர் ஊற்றி, மூன்று மணி நேரம் சிறுதீயில் விட்டால்தான் அது கார்மேலம்மாவின் சாஸ்.

முதல் வருஷம் தனம் வடாம் போடுகிற பழக்கத்தில் கொஞ்சம் மிளகாய்த்தூள் கலந்துவிட்டாள். கிழவி பலகையோடு தூக்கித் தோப்பில் எறிந்தாள். தனம் சும்மா இருப்பாளா? கரண்டியை எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நான்கு நாள் கழித்துக் கிழவியே வாசலில் வந்து நின்று, "தனா, வா. காக்கா எல்லாம் தின்னுது" என்றாள். இரண்டும் சண்டைக்காரிகள், அதனால்தான் ஒத்துப்போனது. பலகை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கிழவி தன் ஊர்க்கதையை அரைத் தமிழில் சொல்வாள். ஆவணி வெயிலில் தெருப் பெண்கள் எல்லாம் மாடியில் கூடிப் புறம்பேசிக்கொண்டே விழுது புரட்டுவார்களாம். திருட்டுத்தனமாக நக்கினால் அவள் அம்மா கரண்டிக் காம்பால் முட்டியில் அடிப்பாளாம். "எங்கம்மா கை நாத்தம் இதுதான்" என்று விழுதை மோந்து பார்த்துக் கண்ணைத் துடைப்பாள். வாசனை என்று தனம் எத்தனை தரம் திருத்தியும் கேட்கவில்லை.

கிழவி படுத்த பிறகும் தனம் வருஷா வருஷம் விழுது போட்டாள். போன சித்திரையில் விரல் நுனியில் எடுத்துக் கிழவி நாக்கில் தடவினாள். கிழவி கோணிப்போன வாயால், "உப்பு பத்தல, கழுத" என்று திட்டினாள். அவள் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அந்த ஜாடியில் பாதி இன்னும் தனம் வீட்டில் இருக்கிறது. அந்தப் பக்குவத்தைத்தான் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் ஓட்டல்காரி!

ஒரேயடியாக மாட்டேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் தனத்துக்கு அது போதவில்லை. பேத்தி வரப்போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து மனதுக்குள் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தாள். தப்புத் தப்பாகச் சமைத்துக் காட்டுவாள். சில்வியா ஒரு வாய் வைத்ததும் முகம் சுளித்து, இது எங்கள் பாட்டி ருசி இல்லையே என்பாள். அப்போது கேட்பாள் தனம்: 'அப்டியா? எது உங்க பாட்டி ருசி? உனக்கு எப்டித் தெரியும்? மூணு வருஷம் எங்கடி இருந்த?' நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்காகத்தான் தனம் இன்று கார்மேலம்மா வீட்டு அடுப்படிக்குள் கால் வைத்தாள்.

மொழிபெயர்க்க அண்ணன் மகள் ஆர்த்தி வந்திருந்தாள். திண்டிவனத்தில் டிராவல்ஸ் ஆபீஸில் வேலை, இங்கிலீஷ் சரளம். சில்வியா திண்டிவனம் மார்க்கெட்டில் தானே தக்காளி வாங்கி வந்திருந்தாள். கெட்டித்தோல் ஐபிரிட் தக்காளி. சுவரில் எறிந்தால் திரும்பி வரும். தனத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தப்பின் முதல் படியை அவளே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாளே.

"தனம், ரெடியா?" என்று சில்வியா காமிராவை நிறுத்திவைத்துக் கேட்டாள். முப்பத்திரண்டு வயது. அறுபது வயதுக்காரியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

"ரெடிதான்னு சொல்லு. பேரன் பேத்தி எடுத்தவளப் பேரச் சொல்லிக் கூப்புட்றா பாரு" என்றாள் தனம்.

ஆர்த்தி முதல் பாதியை மட்டும் சொன்னாள்.

தனம் வாணலியில் எண்ணெய் ஊற்றி முதலில் சோம்பைப் போட்டாள். கார்மேலம்மா இருந்திருந்தால் வாணலியைத் தலையில் கவிழ்த்திருப்பாள். ஆர்த்திக்குக் கண் விரிந்தது. சின்ன வயதில் எத்தனை நாள் இந்த வீட்டில் சாப்பிட்டவள்!

"அத்த, சோம்பா? கார்மேலம்மா சோம்பே போட மாட்டாங்களே."

"நீ இன்னாத்துக்கு வந்துக்கிற? சொல்றதச் சொல்லிக்கினு நில்லு."

சில்வியா சோம்பைக் கிள்ளி மோந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. அவர்கள் ஊர் மலையில் காட்டுச் சோம்பு மண்டிக் கிடக்குமாம், பாட்டி அதை மறக்கவே இல்லை பாருங்கள் என்று எழுதிக்கொண்டாள். தனத்துக்குச் சுருக்கென்றது. இருக்கட்டும், வாயில் வைக்கும்போது தெரியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பூண்டை அள்ளிப் போட்டாள். ஐபிரிட் தக்காளியை மிக்ஸியில் அடித்து ஊற்றினாள். அது தண்ணீராய் ஓடியது. விழுது இல்லாமல் கெட்டியாக வேண்டுமே. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் குருமாவுக்குச் செய்கிற வேலையைச் செய்தாள். இரண்டு கை பொட்டுக்கடலை மாவைக் கரைத்துக் கொட்டினாள்.

"ஐயோ அத்த!" என்றாள் ஆர்த்தி.

"கம்னு இரு."

"இது இன்னா மாவுன்னு கேக்கிறாங்க. இன்னா சொல்றது?"

"பொட்டுக்கடலன்னு சொல்லு. நாம எதுக்குப் பொய் சொல்லணும்?"

ஆர்த்தி சொன்னதுதான் தாமதம், சில்வியா துள்ளிக் குதித்தாள். கடலை மாவா! சிசிலியில் தெருவுக்குத் தெரு கடலை மாவு வடை விற்பார்களாம், பாட்டியின் அப்பா அதற்குத்தான் கடை வைத்திருந்தாராம், இதுதான் யாருக்கும் தெரியாத ரகசியமாம். ஒரு பக்கம் பூராவும் எழுதித் தள்ளினாள். தனத்துக்கு வயிறு எரிந்தது. என்னடா இது, எந்தக் குப்பையைப் போட்டாலும் இவள் பாட்டி தலையிலேயே கட்டுகிறாளே. ஆத்திரத்தில் அச்சு வெல்லம் ஒன்றை உடைத்துப் போட்டாள். கார்மேலம்மா இனிப்பு என்றால் காததூரம் ஓடுவாள். பேத்தி அதற்கும் தலையாட்டினாள்.

கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மூன்று மணி நேரமாவது ஒன்றாவது! தனம் அடுப்பை அணைத்தாள். சில்வியா ரொட்டியைப் பிய்த்துத் தொட்டு வாயில் வைத்தாள்.

தனம் இடுப்பில் கை வைத்து நின்றாள். கேள்வி தொண்டை வரைக்கும் வந்து நின்றது. சுளி, முகத்தைச் சுளி.

சில்வியா கண்ணை மூடினாள். மென்றாள். கண்ணோரம் நீர் வழிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அப்படியே வந்து தனத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஆர்த்தி சொன்னாள். "இதேதானாம், அத்த. பாட்டியோட ருசி இதேதானாம். சின்ன வயசுல சாப்ட்டது அப்டியே நாக்குல இருக்குதாம்."

சின்ன வயதிலா? எட்டு வயதில் பத்து நாள் வந்திருந்தாள் இதே சில்வியா. பத்து நாளும் பிஸ்கட்டும் வாழைப்பழமும் தவிர ஒன்றையும் தொடவில்லை. கிழவி சாஸ் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு பின்னாலேயே அலைந்தாள். அந்த நாக்கில் என்ன இருக்கும்?

"இது இல்லன்னு சொல்லுடி" என்றாள் தனம்.

"அத்த, வுட்ருங்களேன்."

"சொல்லுடின்றேன்! வேணும்னே தப்பா செஞ்சேன்னு சொல்லு. சோம்பு பொய், மாவு பொய், வெல்லம் பொய். உங்க பாட்டி இத மூஞ்சில ஊத்தியிருப்பான்னு சொல்லு!"

ஆர்த்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். சில்வியா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தனத்தின் தோளைத் தட்டினாள்.

"நீங்க ரொம்பத் தன்னடக்கமாம். பெரிய சமையல்காரங்க எல்லாரும் இப்டித்தான் சொல்லுவாங்களாம்" என்றாள் ஆர்த்தி.

தன்னடக்கமா? தனம் வெயிலில் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். இரண்டு தெரு தாண்டி வீடு. பரணிலிருந்து ஜாடியை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். யாருக்கும் காட்டக் கூடாது என்று ஆறு மாதம் பொத்திவைத்திருந்ததைத் தானே தூக்கிக்கொண்டு வருகிறோம் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. எப்படியாவது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு விரல் விழுதை எடுத்துச் சில்வியாவின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

சில்வியா கரண்டி கேட்டு வாங்கி, நுனியில் தொட்டு நக்கினாள். முகம் சுளித்தாள். காலையிலிருந்து தனம் காத்துக்கிடந்த அதே சுளிப்பு. அசல் விழுதின் மேல் வந்து விழுந்தது.

"ஊறுகாயான்னு கேக்கிறாங்க, அத்த" என்றாள் ஆர்த்தி. "ரொம்பக் காட்டமா இருக்குதாம். ஆனா நல்லா இருக்குதாம். உங்க ஊரு ஊறுகான்னு புக்குல கடசில ஒரு படம் போட்டுக்கலாமான்னு..."

தனம் ஜாடியை வெடுக்கென்று இழுத்து மூடினாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கத்தினாள். இன்னும் என்னென்னவோ கத்தினாள், அச்சில் போடுகிற வார்த்தைகள் இல்லை. ஆர்த்தி ஒன்றையும் மொழிபெயர்க்கவில்லை. சில்வியாவுக்கும் தேவைப்படவில்லை. பாட்டியை நினைத்து உணர்ச்சிவசப்படுகிறாள் பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வாணலியோடு தனத்தைச் சேர்த்து ஒரு படம் எடுத்தாள். புத்தகத்தில் உங்கள் பெயரையும் போடுவேன் என்றாள். வேண்டாம், என் பெயரைப் போடாதே என்று தனம் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னதும் தன்னடக்கக் கணக்கில் சேர்ந்துவிட்டது. மத்தியானமே கார் வந்தது, போய்விட்டாள்.

அடுப்படியில் அத்தையும் மருமகளும் மட்டும் நின்றார்கள். வாணலியில் மாவு ஏடு கட்டியிருந்தது.

"எதுக்கு அத்த இவ்ளோ பேஜாரு? குடுக்கக் கூடாதுன்னுதானே நெனச்சீங்க? குடுக்கல. அவங்களும் சந்தோசமாப் போய்ட்டாங்க. நீங்க நெனச்சதுதானே நடந்துச்சி?" என்றாள் ஆர்த்தி.

"குடுக்கலன்னு அவளுக்குத் தெரியணும்டி!" தனம் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். "இல்லாததுக்கு அவ ஏங்கணும், ராத்தூக்கம் போவணும். அவ இன்னாடான்னா கெடச்சிட்ச்சின்னு பூட்டா. நாளைக்கி அவ ஓட்டல்ல இதத்தான் ஊத்துவா. உலகம் பூரா கார்மேலம்மா சாஸுன்னு இந்தக் குருமாவத்தான் நக்கும்."

"வுடுங்க அத்த. நெசம் உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"எனக்குத் தெரிஞ்சி? என் ஊட்ல எந்த நாயி இதத் துன்னுது? புளிக்குதும்பான் என் மவன். இத ருசி பாத்து உப்பு பத்தலன்னு திட்டறவ ஒருத்தி இருந்தா. அந்த ருசியத் தேடி வர ஒருத்தி இருந்தா, அவளையும் நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

கிழவி செத்த அன்று தனம் அழவில்லை. மழையில் குழி நிரம்புகிறது, சீக்கிரம் சீக்கிரம் என்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தாள். இப்போது வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். ஆர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். தனம் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"மூணு வருசம் மூத்தரத் துணி தொவச்சி அவள உசுரோட வெச்சிருந்தவடி நானு. இன்னிக்கி நானே அவளச் சாவடிச்சிட்டேன்."