வெளுப்பாக ஒரு படம்

எழுபத்து நாலாம் வருஷ மழையில் அய்யூப்பின் கேமராவுக்குள் ஈரம் புகுந்துவிட்டது. லென்ஸுக்குள் இருக்கும் மெல்லிய தகடுகள் படம் எடுக்கிற கணத்தில் சட்டென்று குவிந்து வெளிச்சத்தை அளவாக விட வேண்டும். அவை பிசுபிசுத்துப்போய், துளையளவைச் சிறிதாக்கிப் பதினொன்றில் வைத்தாலும் அகலத் திறந்தே கிடந்தன. ஜங்லிகாட்டில் இருந்த தன் ஸ்டுடியோவில் அவர் எடுத்த முகமெல்லாம் வெளுத்து வந்தது.

வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தார். அவர்களோ கொண்டாடினார்கள். அவர் லென்ஸைக் கழற்றித் துடைத்துச் சரியாக எடுத்தபோதுதான் சண்டை வந்தது.

"என்ன பாய், என்னை இப்படிக் கறுப்பாக்கிட்டீங்க?"

பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அதன்பின் அவரே இரண்டு அளவு கூடத் திறந்துவைத்து எடுக்கத் தொடங்கினார்.

அப்படித்தான் மங்கையர்க்கரசி தன் மகள் இந்திராணியைக் வரனுக்கு அனுப்பும் படத்துக்குக் கூட்டிவந்தாள். படம் தீவிலிருந்து கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போனது. மாப்பிள்ளை வீட்டார் கப்பலேறி வந்தார்கள். ஹேடோ துறையில் மாப்பிள்ளையின் அம்மா படத்தையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போட்டோவுல இருக்கிற பொண்ணு எங்கே?" என்று கேட்டாளாம்.

இதை அய்யூப்பிடம் சொன்னது இந்திராணிதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை முடிந்து, நனைந்த குடையோடு தனியாக வந்திருந்தாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

"வேற ஒண்ணு எடுங்க பாய். நான் இருக்கிற மாதிரியே."

"அம்மா ஏசுவாங்களேம்மா?"

"ஏசட்டும். இன்னொரு தடவை அந்தக் கேள்வியை நின்னு கேட்க என்னால முடியாது."

லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தகடுகள் மறுபடி ஒட்டியிருந்தன. நாளைக்கு வா என்று சொல்லிவிடலாம். முதுகு அப்படி வலித்தது. ஆனாலும் உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றி, ஒவ்வொரு தகடாகப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மாட்டினார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தார். பவுடர் டப்பாவை அவளே தள்ளிவைத்தாள். பதினொன்றில் வைத்து எடுத்தார். கழுவி வந்த படத்தில் கன்னத்துத் தழும்பு, கண்ணுக்குக் கீழே களைப்பு, அவளுடைய நிறம் எல்லாம் இருந்தன.

"டீக் ஹை பாய், சரியா இருக்கு," என்று வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் மங்கையர்க்கரசி வந்து வாசலில் நின்றே திட்டித் தீர்த்தாள். தீவுகளின் வடக்கே மாயாபந்தரில் இருந்த ஒரு வரனுக்கு அந்தப் படமே போனது. மகள் வேறு எதையும் அனுப்ப விடவில்லை.

மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் கடைத்தெருவில் இந்திராணியைப் பார்த்தார்.

"மாயாபந்தர்க்காரங்க வந்தாங்களாம்மா?"

"வந்தாங்க பாய். டீ குடிச்சாங்க. என்கிட்டதான் பேசினாங்க, படத்தை யாரும் வெளியே எடுக்கவே இல்லை."

"அப்புறம்?"

"பதில் இன்னும் வரலை."

ஆறுதல் எதையும் எதிர்பார்த்து அவள் நிற்கவில்லை. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி மேட்டில் ஏறிப் போனாள்.