இரண்டு கிலோ கழிவு

தேவாலாப் பிள்ளைகளுக்குக் கூட்டத் தெரியாது என்று எங்கள் அமைப்பு முடிவு செய்திருந்தது. அதற்கு ஆதாரம் நான் கணினியில் ஏற்றிய பூஜ்ஜியங்கள்.

அமைப்பின் பெயர் எண்வழி. மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அதன் வேலை. நடுவட்டத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகள்தான் அலுவலகம். தலைமைக் குழுவில் நான்கு பேர். நான் அதில் இல்லை. தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, காலை எட்டு மணிக்கு வந்து மதியம்வரை விடைத்தாள் மதிப்பெண்களை ஏற்றுவேன். பி.எஸ்ஸி. கணக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டவனுக்கு அந்த வேலை போதும்.

அந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தலைமைக் குழு கூட வேண்டியிருந்தது. ஐந்து வட்டாரங்களில் நாங்கள் வேலை செய்கிறோம். அடுத்த வருஷம் பின்னம் சொல்லித்தரும் திட்டம். பயிற்சியாளர்கள் நான்கு வட்டாரங்களுக்குத்தான் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்புத் தேர்வில் கூட்டல் பகுதியில் கடைசியாக வந்த வட்டாரத்தை விட்டுவிடுவது என்று பேசிவைத்திருந்தார்கள். கடைசியாக வந்தது தேவாலா. பன்னிரண்டு பள்ளிகள். இருநூற்று முப்பத்தொரு தாள்களில் முதல் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் நாற்பத்து மூன்று பேர்.

தேவாலா வட்டாரத்துக்குப் பொறுப்பு ஜீவிதா. தலைமைக் குழுவில் வயதில் சின்னவர். அவருடைய தாத்தா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து தேவாலாவில் இறக்கிவிடப்பட்டவர். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். நான்கு வருஷமாக அந்தப் பன்னிரண்டு பள்ளிகளுக்கும் பஸ்ஸிலும் நடந்தும் போய்வந்தவர். நான்கு வட்டாரப் பட்டியல் கையெழுத்தானால் அவருக்கு இங்கே வேலை இல்லை. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிகளைத்தான் விடாதீர்கள் என்று போன கூட்டத்தில் மூன்று முறை கேட்டார். தேர்வை வடிவமைத்த வசந்தகுமார், நமக்குப் பிரியம் முக்கியமில்லை, தரவுதான் முக்கியம் என்று பதில் சொன்னார்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. தன் வட்டாரத்துத் தாளைத் தானே திருத்தக் கூடாது. தேவாலாத் தாள்களைக் குன்னூர்க்காரர்கள் திருத்துவார்கள், குன்னூர்த் தாள்களைக் கட்டபெட்டுக்காரர்கள் திருத்துவார்கள். சரி என்றால் ஒன்று, தவறு என்றால் பூஜ்ஜியம். அந்தப் பட்டியலை மட்டும் நான் ஏற்றுவேன்; தாள்கள் என் கைக்கு வராது. பாரபட்சம் வரக் கூடாது என்பதில் அத்தனை கறார். அந்த விதியைப் பற்றி வசந்தகுமார் கோவையில் ஒரு கருத்தரங்கில் பேசிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறார்.

காலை ஒன்பது மணி இருக்கும். தேவாலாத் தாள்களைக் கட்டிப் பரணில் வைக்கும்படி சொல்லியிருந்தார்கள். ஒரு தாளில் பெயர் இல்லை. வேறு தாளின் கையெழுத்தோடு ஒத்துப் பார்க்கலாம் என்று புரட்டினேன். முதல் கணக்கின் விடை 34. அடுத்த தாளிலும் 34. அதற்கடுத்ததிலும். காப்பியடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வேறு பள்ளியின் கட்டைப் பிரித்தேன். 34. பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மூன்றாவது பள்ளியிலும் 34.

கேள்வி இது: காலையில் 14 கிலோ, மதியம் 17 கிலோ, மாலையில் 9 கிலோ கொழுந்து பறித்தால் மொத்தம் எவ்வளவு? விடை 40. கூட்டத் தெரியாதவன் 30 எழுதுவான், 20 எழுதுவான், 220கூட எழுதுவான். இத்தனை பேர் சேர்ந்து 34 எழுத மாட்டார்கள். இரண்டாவது கணக்கைப் பார்த்தேன். 25, 18, 22. விடை 65. அவர்கள் எழுதியது 59. அதிலும் ஆறு குறைகிறது. மூன்று நிறுவை, ஆறு கிலோ.

இரண்டு கணக்கையும் இன்னொரு முறை கூட்டிப் பார்த்தேன்.  

நான் வேலை செய்வது ஃபேக்டரி. அங்கே இலை லாரியில் வரும், மொத்தமாக. காட்டில் எப்படி நிறுக்கிறார்கள் என்று நான் நின்று பார்த்ததில்லை. ஜீவிதாவுக்குப் போன் போட்டேன். அவர் கூட்டத்துக்காக ஏற்கெனவே பைக்காரா தாண்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார், முதல் நாள் ஊட்டியில் ஏதோ வேலை முடித்து. உங்கள் பக்கம் நிறுக்கும்போது ஏதாவது கழிப்பார்களா என்று கேட்டேன். சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று, ஒவ்வொரு நிறுவைக்கும் இரண்டு கிலோ கழிவு என்றார். எதற்குக் கேட்கிறாய் என்றார். உங்கள் பிள்ளைகள் நாற்பதுக்கு முப்பத்துநாலு எழுதியிருக்கிறார்கள் என்றேன்.  அந்தத் தாள்களை யாரும் தொடக் கூடாது, நான் வருகிறேன் என்றார்.

அவர் வந்து சேர்வதற்குள் வசந்தகுமார் வந்துவிட்டார். தாள்களை மேசையில் பரப்பிவைத்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முடிவு வர்ற அன்னிக்குத்தான் உனக்கு ஞானம் வருதா?"

தாள்கள் இன்றைக்குத்தான் கைக்கு வந்தன என்றேன். அவர் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்த உலகத்திலிருந்து கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காகவே கொழுந்தை வைத்து எழுதியதாகச் சொன்னார். அதே கேள்விக்குக் கட்டபெட்டில் நாற்பது என்று எழுதியிருக்கிறார்களே என்றார். பின்னாலிருந்து ஜீவிதாவின் குரல் வந்தது: கட்டபெட்டில் சொந்தத் தோட்டக்காரர்கள். இலை வாங்கும் ஏஜெண்ட் மாதக் கடைசியில் சதவீதத்தில் கழிப்பான், பிள்ளைகளுக்கு அது தெரியாது. படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அவர் மேசையைச் சுற்றி வந்து ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்தார். சிரித்தார். நான்கு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"என் பிள்ளைங்க தப்பாப் போடல சார். உங்களவிட ஒரு படி கூடப் போட்டிருக்காங்க."

"ஊகம்" என்றார் வசந்தகுமார்.

இயக்குநர் கோகிலவாணி அம்மா அதற்குள் உள்ளே வந்து நின்றிருந்தார். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இருபது வருஷம் இருந்தவர், பொள்ளாச்சிக்காரர். இரு பக்கமும் கேட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை.

"ஏனுங்க வசந்தகுமார், ஊகம்னா போய்ப் பாத்துட்டு வந்துருங்க. நாலு மணிக்கு நான் கையெழுத்துப் போடோணும். அதுக்குள்ள எனக்குத் தெரியோணும்."

நான்காவது உறுப்பினர் ஷிஜோ. கூடலூர்க்காரர், பயிற்சிகளை ஏற்பாடு செய்பவர், ஜீப்பும் அவருடையது. வசந்தகுமார், ஜீவிதா, ஷிஜோ, நான் என நால்வரும் ஜீப்பில் ஏறினோம். மழை பிடித்துவிட்டது. கூடலூர் இறக்கத்தில் ஷிஜோ ஓட்டிய வேகத்தில் வசந்தகுமார் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பேடிக்காதீங்க சாரே, பயம் வேண்டாம். நீங்க செத்தா அந்தக் கேள்வித்தாளத் திருத்த ஆளில்ல" என்றார் ஷிஜோ.

 கூடலூர் தாண்டியதும் வசந்தகுமார் நோட்டை எடுத்து ஏதோ எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். அதே எண்கள், ஆனால் கொழுந்துக்குப் பதில் ஆரஞ்சு. அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த ஒரு வரியில், சோதிக்க வேண்டியதைச் சரியாகப் பிடித்துவிட்டார் என்று தெரிந்தது. 

தேவாலாவைத் தாண்டி ஒரு எஸ்டேட்டின் நிறுவைக் களத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதிய நிறுவை நடந்துகொண்டிருந்தது. மூன்று கம்புகளைக் கூட்டிக் கட்டி அதில் தராசைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெண்கள் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போர்த்தி வரிசையில் நின்றார்கள். பள்ளி விடுமுறை என்பதால் அம்மாக்களுக்குச் சோறு கொண்டுவந்த பிள்ளைகள் தகரக் கூரைக்கு அடியில் நின்றார்கள். ஜீவிதாவைப் பார்த்ததும் டீச்சர் என்று ஓடிவந்தார்கள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். தான் பேசினால் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, ஜீப்புக்கே திரும்பிப் போய் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நான்கு வருஷ வேலை அந்தக் கூரைக்கு அடியில் முடிவாகப்போகிறது. அவர் ஜீப்பின் கண்ணாடி வழியாகக்கூடப் பார்க்கவில்லை.

கருப்பம்மா என்பவரின் சாக்கு தராசில் ஏறியது. கணக்கர் "பத்தொம்பது" என்று கத்தினார். கூரைக்கு அடியில் நின்ற கருப்பம்மாவின் மகள் வனிதா, அவர் கத்தி முடிப்பதற்குள் "பதினேழு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஐந்தாம் வகுப்பு. வசந்தகுமார் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து கேள்வியைப் படித்தார். பதினாலு, பதினேழு, ஒன்பது.

"முப்பத்துநாலு" என்றாள்.

உடனே ஆரஞ்சைக் கேட்டார். பதினாலு ஆரஞ்சு, பதினேழு ஆரஞ்சு, ஒன்பது ஆரஞ்சு.

"நாப்பது."

"ரெண்டும் ஒரே நம்பர்தானேம்மா. மொதல்ல ஏன் முப்பத்துநாலுன்னே?"

அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பெரிய மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை.

"சாக்கும் தண்ணியும் கொழுந்தா சார்?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கணக்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வசந்தகுமார் சிரிக்கவில்லை. இன்னும் ஏழு பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஏழு பேரும் கொழுந்துக்கு முப்பத்துநாலு, ஆரஞ்சுக்கு நாற்பது. ஒரு பையன் மட்டும் ஆரஞ்சில் அழுகினது கழிக்கணுமா என்று கேட்டான்.

ஜீப்புக்குத் திரும்பி வந்ததும் ஜீவிதா எங்கள் முகங்களைப் பார்த்தார். ஷிஜோ கட்டைவிரலை உயர்த்தினார். வசந்தகுமார் அவசரப்பட வேண்டாம் என்றார். இது ஒரு எஸ்டேட், மூன்று பள்ளிகளின் பிள்ளைகள். மற்ற ஒன்பது பள்ளிகளுக்கு இது பொருந்தும் என்று எப்படித் தெரியும் என்றார். ஜீவிதாவின் முகம் இறுகியது. எனக்கும் கோபம்தான். ஆனால் அவர் கேட்டது நியாயம். தாள்கள் நடுவட்டத்தில் இருந்தன. மணி ஒன்று.

திரும்பி வந்தபோது இரண்டே முக்கால். கோகிலவாணி அம்மா மேசையைக் காலி செய்து வைத்திருந்தார். ஆளுக்கொரு கட்டு. இந்த முறை ஒன்று, பூஜ்ஜியம் இல்லை. பிள்ளை என்ன எழுதியதோ அது. ஒருவர் விடையைச் சொல்ல, நான் பலகையில் கோடு போட்டேன். முப்பத்துநாலுக்கு நேராகக் கோடுகள் வரிசைக்கு மேல் வரிசையாக ஏறின. நூறு தாண்டியபோது ஷிஜோ மேசையைத் தட்டினார். நூற்று முப்பத்தொன்பதில் நின்றது. நாற்பத்து மூன்று பேர் சரியான விடை. மிச்சம் நாற்பத்தொன்பது.

வசந்தகுமார் ஒரு கட்டையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளியில் முப்பத்துநாலு ஒன்றுகூட இல்லை. எல்லாம் முப்பத்தேழு. இருபத்திரண்டு தாள்.

"இங்க உடையுது" என்றார் அவர். குரலில் ஜெயித்த தொனி இல்லை. வருத்தம்போலத்தான் இருந்தது. எல்லோரும் ஜீவிதாவைப் பார்த்தோம். அவரும் அந்தத் தாள்களை வாங்கிப் புரட்டினார். மணி மூன்றரை.

வசந்தகுமார் கட்டின் மேல் உறையைத் திருப்பினார். பள்ளியின் பெயருக்குக் கீழே தேதி இருந்தது. மற்ற பதினொரு பள்ளிகளிலும் தேர்வு ஆகஸ்ட் முதல் வாரம். இந்தப் பள்ளிக்கு அந்த வாரம் மழை விடுமுறை. தேர்வு நடந்தது செப்டம்பர் கடைசியில், பத்து நாள் வெயில் அடித்தபோது. அவர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஈரம் இல்ல. ஜீவிதா, வெயில் காலத்துல ஈரக் கழிவு உண்டா?"

"இல்ல சார். சாக்குக்கு மட்டும். ஒண்ணுதான்."

"மூணு நிறுவை, மூணு கிலோ. நாப்பதுல மூணு போனா முப்பத்தேழு." அவர் தாளை உயர்த்திப் பிடித்தார். "ரெண்டாவது கணக்கு அறுபத்திரண்டு இருக்கணும். இருக்கா பாருங்க. இருக்கு. எல்லாத்துலயும் இருக்கு. பசங்க ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு விடை எழுதியிருக்காங்க."

அவர் அறையில் இங்குமங்கும் நடந்தார். இப்படியே பார்த்தால் தேவாலா முதலிடத்துக்குப் போகும் என்றார். கட்டபெட்டைவிட மேலே என்றார். கோகிலவாணி அம்மா பட்டியலை எடுத்து மேசையில் குப்புறப் போட்டார்.

"மொதலும் வேண்டாமுங்க, கடைசியும் வேண்டாமுங்க. பரீட்சை தப்பு. தப்பான பரீட்சைய வெச்சு நான் யாரையும் வெளிய அனுப்ப மாட்டேன். அஞ்சும் இருக்கட்டும்."

பயிற்சியாளர்கள் நான்கு வட்டாரங்களுக்குத்தானே என்று ஷிஜோ நினைவுபடுத்தினார். ஐந்தாவதற்குத் தானே போவதாக வசந்தகுமார் சொன்னார். கேள்வி எழுதுகிறவன் ஒரு வருஷம் நிறுவைக் களத்தில் நிற்கட்டும் என்றார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. ஜீவிதாவும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

"வாங்க சார். ஆனா எங்க பக்கத்துத் தாள ஒரு தடவையாச்சும் நாங்க பாக்கணும். அந்த விதி போகணும்" என்றார்.

பாரபட்சம் என்று ஆரம்பித்த வசந்தகுமார் பாதியில் நிறுத்தினார். இரண்டு பேர் திருத்தட்டும், ஒருவர் உள்ளூர், ஒருவர் வெளியூர் என்றார் கோகிலவாணி அம்மா. எழுதியதை அப்படியே ஏற்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஐந்து வட்டாரமும் சேர்த்து ஆயிரத்து நூறு தாள். சரி என்றேன்.

ஜீவிதா போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் படிக்கட்டுக்குப் போனார். பன்னிரண்டு ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு அழைப்பில் தேவாலா இருக்கிறது, எங்கும் போகவில்லை என்று சொல்லியது உள்ளே கேட்டது. மூன்றாவதில் செய்தியை ஒரு வரியில் முடித்துவிட்டு வேறு ஏதோ விசாரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். போன் இன்னும் காதில் இருந்தது.

"சார், எஸ்டேட் மேல் டிவிஷன் ஸ்கூல் பக்கம் நிறுவைக்குக் கழிவு மூணாம். அங்க முப்பத்தொண்ணு எழுதியிருப்பாங்க, பாருங்க."

மிச்சமிருந்த இருபத்தேழு தாள்களை வசந்தகுமார் ஏற்கெனவே தன் பக்கம் இழுத்துவிட்டிருந்தார்.